ராஜாவின் தோளில் ஒரு கை

உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை. ஐந்தாறு வயசில் பார்த்த ஏதாவது ஒரு புத்தகப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை. வந்துவிட்டதா? சரி, அது எந்தக் கதைக்குப் போட்ட படம், கதையில் அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்கள் பார்க்கலாம்.

நான் கேட்ட முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் முழித்தார்கள். படம் இருக்கிறது. ராஜா போட்டிருந்த செருப்பின் வளைந்த மூக்குகூட அப்படியே இருக்கிறது. கதையைக் காணோம்.

என்னை இந்த யோசனையில் இழுத்துவிட்டவன் தரங்கம்பாடியில் இருக்கும் நண்பன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஒருநாள் ராத்திரி போன் பண்ணினான்.

"டேய், நீதான் பழைய புஸ்தகம்னா அலையறவனாச்சே. எனக்கு ஒரு படம் தேடித் தரணும். அம்புலிமாமால வந்தது. ராஜா ஒருத்தன் சுடுகாட்டு வழியா நடந்து போறான். கையில வாள். அவன் தோள்ல ஒரு கை இருக்கும்."

"யாரோட கை?"

"அதான் தெரியல. கை மட்டும்தான்."

"தோள்ல பிணம்தானேடா இருக்கும்? விக்கிரமாதித்தன், வேதாளம், முருங்கை மரம்…"

"அது எனக்குத் தெரியாதா? அது வேற. நான் சொல்றது கை."

இப்படி ஆரம்பித்தது. ஒரு படத்தைத் தேடப் போனவன் என்னென்னவோ பார்த்துவிட்டு வந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

அம்புலிமாமாவைத் தெரியாத இளவட்டங்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ரெண்டு வரி. 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாசம் முந்தி, தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய குழந்தைகள் மாத இதழ். ஆரம்பித்தவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். 'பாதாள பைரவி'யும் 'மாயா பஜா'ரும் எடுத்த அதே விஜயா கம்பெனிக்காரர்கள். அப்புறம் இன்னும் பல மொழிகளில் வந்தது. 2012-ஐ ஒட்டித் தட்டுத்தடுமாறி நின்றுபோனது. நடுவே ரெண்டு மூன்று தலைமுறை அதன் மேல் கவிழ்ந்து படுத்து, முழங்கையை ஊன்றி வளர்ந்தது.

என் நண்பன் கவிழ்ந்து படுக்கவில்லை. அவனுக்கு அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாது. அக்காவின் மடியில் உட்கார்ந்துகொள்வான். அக்கா அவனைவிட ஏழு வயசு பெரியவள். அவள் வாசிப்பாள், இவன் படம் பார்ப்பான். அப்பா ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து, அட்டை போட்டு, நூல் வைத்துத் தைத்துவிடுவார். பதினோரு வால்யூம் இருந்ததாம். எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில்.

"அதுலயே தேடேன்டா" என்றேன், யோசிக்காமல்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயமாம்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது (தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தது, 2020-லிருந்து மயிலாடுதுறை மாவட்டம்). இவன் வீடு கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. குடும்பத்தோடு மாடிக்கு ஏறிவிட்டார்கள். ஆள் சேதம் இல்லை. பத்து நாள் இவன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகாமில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். எந்தப் பிள்ளை யாருடையது, அப்பா இருக்கிறாரா, அம்மா இருக்கிறாளா, எழுதுவது வாத்தியார் வேலை. தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயருக்கு நேரே என்னென்ன எழுத வேண்டியிருந்தது என்பதை அவன் சொன்னான். நான் இங்கே எழுதப்போவதில்லை.

பதினோராம் நாள் வீட்டைக் கழுவ வந்தான். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பாதிக்கு மணல், மீதி கூழ். அந்தக் கூழில் ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு மை ஒட்டியிருந்ததாம். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறான். சத்தம் கேட்டு வாசலோடு போன மீனவர் ஒருவர் உள்ளே வந்தார். ரெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்ல யாரு சார்?" என்று கேட்டாராம்.

"நான் என்னடா பதில் சொல்லுவேன்? பொம்மைப் புஸ்தகம் போச்சுன்னா? அவரு என் பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக் குடுத்தாரு. அந்த வெட்கம் இன்னும் போகல."

போனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தேடித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கும்பகோணத்தில் ஒரு சேகரிப்பாளர் இருக்கிறார். வீட்டில் மூன்று அறை. ரெண்டில் பத்திரிகைகள், ஒன்றில் அவரும் மனைவியும். (சமையலறை தப்பித்துக்கொண்டிருப்பதற்கு அந்த அம்மாள்தான் காரணம்.) ஐம்பது, அறுபதுகளின் அம்புலிமாமாக்களை எடுத்து முன்னால் அடுக்கினார். ரெண்டு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

முதல் நாள் எனக்கு மிஞ்சியது ஏமாற்றம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கதைகள் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. பெரும்பாலும் தெலுங்கில் எழுதி, அங்கிருந்து தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் போனவை. அதனால் யாருக்கும் பொதுவான, உப்பு கொஞ்சம் குறைந்த மொழி. 'ஒரு ஊரில்' என்று ஆரம்பிக்கும். அந்த ஊரில் எந்த ஊரின் வெயிலும் அடிக்காது. பேராசைக்காரன் கெடுவான், புத்திசாலி மந்திரி ஜெயிப்பான், ஏழைப் பிராமணனுக்கு எப்படியும் புதையல் கிடைக்கும். பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம். ராஜா வந்தால் விழுந்து கும்பிடுவதற்கென்றே பிறந்த குடியானவர்கள். நண்பன் பிறந்ததோ கடற்கரை ஊரில். அவன் பார்த்த கட்டுமரமோ வலையோ கருவாட்டுக் கூடையோ நான் புரட்டிய பக்கங்களில் ஒன்றில்கூட இல்லை. இதில் வரும் கடல் வியாபாரி கப்பல் கவிழ்வதற்காக மட்டுமே இருக்கிற கடல்.

'அந்தக் காலத்துப் புத்தகம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுகிறவர்களை உட்கார வைத்து ஒரு முழு வால்யூமை வாசிக்கச் சொல்ல வேண்டும். நாலாவது கதையில் தூங்கிவிடுவார்கள்.

ஆனால் ரெண்டாம் நாள் நான் செய்த காரியம் வேறு. கதையை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நண்பன் நாலு வயசில் பார்த்த மாதிரி, எழுத்தே தெரியாத மாதிரி, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். புத்தகமே மாறிவிட்டது.

சித்ரா என்று கையெழுத்துப் போட்டவர் டி.வி. ராகவன். ஓவியப் பள்ளிக்குப் போகாதவர். அவர் கோடு ஓடும், குதிக்கும். ராட்சசன் வந்தால் பயமும் சிரிப்பும் ஒன்றாக வரும். சங்கர் நேர் எதிர். கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில், ராய் சௌத்ரி முதல்வராக இருந்தபோது படித்தவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, கிட்டத்தட்ட 60 வருஷம், இதழ் நிற்கிற காலம் வரை அங்கேயே உட்கார்ந்து வரைந்தவர். 2020 செப்டம்பரில் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எப்போதும்போல நம்மவர்களுக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் ஞாபகம் வரும்.

சங்கர் எதையும் சும்மா விடமாட்டார். கதையில் 'அரண்மனைக்குப் போனான்' என்று ரெண்டு சொல் இருக்கும். இவர் தூணையும் தூணின் போதிகையையும், வாசல்காரன் ஈட்டி பிடித்திருக்கும் விரலையும் வரைவார். உப்புக் குறைந்த கதைக்கு இவர் படத்தில் உப்புப் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. 'ஒரு ஊருக்கு' ஒரு தெருவும் திண்ணையும் மாடும் கொடுத்தவர் அவர்தான். கதையை நாம் மறந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை. மறக்க முடியாதபடி எழுதியது பேனா இல்லை, தூரிகை.

விக்கிரமாதித்தனுக்கு வருகிறேன். சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் எழுதிய கதா சரித் சாகரத்தில் வேதாளம் சொல்லும் கதைகள் 25 தான். அம்புலிமாமாவில் அந்த இருபத்தைந்தும் தீர்ந்துபோன பிறகும் வேதாளம் ஓயவில்லை. புதுசு புதுசாகக் கதை கட்டி, பல பத்து வருஷம் மாசாமாசம் பேச வைத்தார்கள். கதை மாறும்; ராஜா மாறமாட்டான். உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு அதற்கப்புறம் வேறு விக்கிரமாதித்தன் இல்லை, டி.வி.யில் வந்தவர்கள் உள்பட.

யோசித்துப் பாருங்கள், குழந்தைக்குக் கொடுக்கிற கதையா இது? ஒரு மனுஷன் ராத்திரியில் பிணத்தைச் சுமந்துகொண்டு போகிறான். பிணம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் பிணம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். பேசினாலும் தோல்வி, பேசாவிட்டால் சாவு. மறுபடி மரத்துக்கு நடை. இதில் நீதி என்று ஒன்றும் தேறாது. இதழில் இருந்த மற்ற கதைகளெல்லாம் நீதி சொல்லி மறந்துபோயின. நீதி சொல்லாத இது மட்டும் நின்றுவிட்டது. குழந்தைக்குப் பயத்தைத் தரக்கூடாது என்கிற இந்தக் காலத்துப் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பயத்தோடு கூடவே ஒரு உத்தரவாதமும் அதில் இருந்தது: அடுத்த மாசமும் அதே ராஜா அதே வாளோடு வருவான்.

எல்லாம் சரி, தோளில் கை? ரெண்டு நாளில் நான் பார்த்த எந்த ராஜாவின் தோளிலும் எந்தக் கையும் இல்லை. ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ரசிகர்களிடமும் கேட்டுவிட்டேன். "சார், அது பிணத்தோட கையா இருக்கும்" என்றார்கள். நண்பனிடம் கேட்டேன். "இல்லடா, பிணத்தோட கைன்னா தொங்கும். இது பொத்தினாப்ல இருக்கும். நல்ல செகப்பா, உசிரோட இருக்கற கை" என்றான்.

விக்கிரமாதித்தன் படம் வந்த ஒரு பக்கத்தைப் பெரிசாக்கிக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அவனையே நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அப்படியே திருவாரூர் வழியாக.

திருவாரூருக்குப் போக ஒரு காரணம் உண்டு. தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை முழுக்க அங்கே ஓவியமாக இருக்கிறது. குரங்கு முகம் கொண்ட ராஜா இந்திரனிடமிருந்து தியாகராஜரைக் கொண்டுவந்த கதை. கட்டம் கட்டமாக, வரிசையாக. படத்தோடு தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்திய படக்கதைப் புத்தகம். கூரையில் இருப்பதால் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அழிந்துகொண்டிருந்ததைச் சில வருஷங்களுக்கு முன் நல்லபடியாகச் சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

அங்கே ஒன்று கவனித்தேன். எனக்குக் காட்டியவர் ஒரு குச்சியை நீட்டி, "இது இந்திரன் சபை, இது முசுகுந்தன்" என்று தொட்டுத் தொட்டுச் சொன்னபோதுதான் படம் கதையானது. குச்சியை இறக்கிவிட்டு அவர் வெற்றிலை போடப் போனதும் மறுபடி வெறும் நிறங்கள், வெறும் கூட்டம். எந்தக் கட்டத்தில் நின்றோம் என்பதே எனக்குத் தவறிவிட்டது.

இதே விஷயத்தை வேறொரு புத்தகத்திலும் பார்க்கலாம். வங்காளத்தில் பட்டுவா என்று ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். நீளமான சுருளில் படம் வரைந்து, அதை விரித்துக்கொண்டே பாட்டாகக் கதை சொல்கிறவர்கள். பாடும்போது விரல் படத்தின் மேல் இறங்கிக்கொண்டே வரும். அப்படிப்பட்ட ஜொய்தேவ், மொய்னா சித்ரகார் என்கிற தம்பதி சுனாமியைப் பற்றிச் செய்த சுருளை, சென்னை தாரா புக்ஸ் 'சுனாமி' என்ற பெயரிலேயே புத்தகமாகப் போட்டது. கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, மடித்து மடித்து விரிக்கும்படி. பார்க்க அற்புதமான வேலை. நம் கரையில் நடந்ததை எங்கிருந்தோ ஒரு வங்காளக் கிராமத்தார் பாட்டாக்கியிருக்கிறார்கள் என்பதே நெகிழ வைக்கும். ஆனால் புத்தகமாகி என் மேஜைக்கு வந்தபோது அதில் பாட்டு மௌனமாக அச்சில் இருந்தது. விரல் இல்லை. அழகைப் பார்த்தேன், அழவில்லை. குறை அவர்களுடையது என்று சொல்லமாட்டேன். மொய்னா என் முன்னால் உட்கார்ந்து பாடியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எனக்கும் ஒரு புத்தகம் உண்டு. எங்கள் டெல்டா சிவப்பு ஊர்களில் கட்சி மாநாடு நடந்தால் பந்தல் ஓரத்தில் நியூ செஞ்சுரி புத்தகக் கடை இருக்கும். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். வழவழ தாள், பெரிய பெரிய படம், விலையோ கடலைமிட்டாய் காசு. அலெக்சாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' அப்படி வந்ததுதான். நாற்று நட்ட சேறு காலில் காயாத ஊரில் நாங்கள் பனியில் சறுக்கும் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்த வழவழ தாள் வரத்தும் நின்றது. அதில் ஒரு படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மாஸ்கோ ஞாபகம் வராது. வாங்கிக் கொடுத்த சித்தப்பாவின் பீடிக் காறல்தான் வரும். பக்கத்தைப் புரட்ட அவர் எச்சில் தொடுவார், மூலையெல்லாம் பழுப்பு. பனி பெய்த பக்கங்கள்கூட.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். டேனிஷ்காரர்களின் வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தோம். 1620-ல் அவர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பல வருஷமாகக் கடித்துக் கடித்துத் தின்றது. சீகன்பால்கு 1706 ஜூலை 9-ம் தேதி இங்கே இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயசு. சில வருஷத்தில் அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தியது. தமிழ் கற்க அவர் என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அவர் வந்த ஜெர்மனியிலோ 1658-லேயே கொமேனியஸ் என்கிற ஆசிரியர் குழந்தைகளுக்கென்று படப் புத்தகம் போட்டாயிற்று. நியூரம்பர்கில் அச்சான அது, 150 சொச்சம் மரச்செதுக்குப் படங்களோடு லத்தீனும் ஜெர்மனும் சொல்லிக் கொடுத்தது. அதைப் பெற்ற நாட்டிலிருந்து வந்தவர் இங்கே மணலுக்குத் திரும்பினார். அலை வந்தால் அழிந்துவிடுகிற பக்கம்.

"பிள்ளைங்க கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்கும் அவருக்கு" என்றான் நண்பன், வாத்தியார் அல்லவா.

வீட்டில் அவன் அக்கா உட்கார்ந்திருந்தார். காரைக்காலில் இருக்கிறவர், நான் வருகிறேன் என்று தெரிந்து பார்க்க வந்திருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் வலி, ஆனாலும் குரல் அப்படியே கணீர். "வா தம்பி, இளைச்சிட்டியே" என்றார். (நான் இளைக்கவில்லை.)

காபி குடித்துவிட்டு, கலர் பிரிண்டை எடுத்து நண்பனிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம். அவன் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன்.

"இது இல்லடா. வாள் அதே வாள்தான். நடையும் அதே நடைதான். ஆனா இது இல்ல."

"என்னடா அது? குடு பார்ப்போம்" என்று அக்கா கையை நீட்டினார்.

வாங்கி மடியில் வைத்தவர், "சீ, இந்தச் சனியனா!" என்று சொல்லிக்கொண்டே வலது உள்ளங்கையால் ராஜாவின் தோளிலிருந்த பிணத்தைப் பொத்தினார்.

யோசித்துச் செய்யவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் கை போகுமே, அப்படி.

கையில் மருதாணி காய்ந்த சிவப்பு. அதன் கீழிருந்து ராஜாவின் தலையும் வாளும் நடந்துபோகும் காலும் மட்டும் வெளியே தெரிந்தன. தோளின் மேல் ஒரு கை.

நண்பன் எழுந்து அக்காவின் பின்னால் போய் நின்றான். அறுபது வருஷத்துக்கு முன் அவன் பார்த்த இடத்திலிருந்து, அதே சாய்வில் பார்க்க வேண்டும்போல. எனக்கு அங்கே இருக்கக் கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். கும்பகோணத்தில் அறை அறையாகத் தேடினாலும் கிடைக்காத படம் இது. அச்சில் இருந்தது பாதிதான். மீதிப் பாதியை அக்கா மாசாமாசம் மேலே வைத்திருக்கிறாள். நாலு வயசுப் பையனுக்கு எது மை, எது மருதாணி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரெண்டையும் சேர்த்தே படம் என்று எடுத்து வைத்துக்கொண்டான். சுனாமி தின்ற வால்யூம்களை வேறு பிரதி வாங்கி ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பி வந்த என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக்கொண்டேன். அந்த மீனவர் "உங்க வீட்ல யாரு சார்?" என்று கேட்டாரே, அது ஒன்றும் பொருந்தாத கேள்வி இல்லை.

இன்றைக்குக் குழந்தைப் புத்தகங்கள் எவ்வளவோ மேல். தூலிகாவும் தாராவும் போடுகிற புத்தகங்களில் கறுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், உழைக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள், நம் ஊர் மரங்கள் இருக்கின்றன. அம்புலிமாமா தராததை எல்லாம் தருகிறார்கள். வாங்குங்கள். ஆனால் வாங்கி, 'நீயே படி' என்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் பட்டுவாவின் பாட்டில்லாத சுருள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நண்பன் கடைசியில் அக்காவிடம் கேட்டான். குரல் கொஞ்சம் இடறியது. "நான் பயந்துடுவேன்னுதானேக்கா மூடிக்குவே?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா பயப்படறவன்? கையை எடு, கையை எடுன்னு பிராண்டுவே. எனக்குத்தான்டா பயம். பதினோரு வயசு எனக்கு. ராத்திரியில படிக்கச் சொல்லி உசிரை வாங்குவே. அந்தப் பிணத்தைப் பார்த்துட்டா அப்புறம் கொல்லைப் பக்கம் போக முடியுமா?"

சொல்லிவிட்டுக் கையை எடுக்காமலே, "தம்பி, தோசை வார்க்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.